புலிக் கணக்கில் நாம் படிக்காமல் விடும் எண்

புலிக் கணக்கெடுப்பு முடிவு வந்தால் போதும், "காட்டுக்குள்ள போய் வரிசையா நிக்க வெச்சு எண்ணினாங்களா?" என்று யாராவது நக்கலடிப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். புலிகளை யாரும் அப்படி எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறார்கள்.

அடிப்படை எளிது. ஒரு ஏரியில் 100 மீன் பிடித்து, துடுப்பு ஓரத்தில் லேசாக நறுக்கி விட்டுவிடுங்கள். மற்ற மீன்களோடு கலந்தபின் மறுபடி வலை போட்டால் 80 சிக்குகிறது. அதில் 20 நறுக்குப்பட்டவை, அதாவது நாலில் ஒன்று. அப்படியானால் ஏரியில் சுமார் 400. பிரான்சின் மக்கள்தொகையைக் கணித அறிஞர் லாப்லாஸ் 1802-இல் மதிப்பிட்டதும் ஏறக்குறைய இந்த யோசனையில்தான். வாத்துகளுக்கு 1930-இல் இதைப் பயன்படுத்தியவர் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஃபிரெடெரிக் லிங்கன்.

கணக்கு சரி, விலங்குகள்தான் ஒத்துழைக்காது. கூண்டில் தீனி ருசி கண்ட எலி மறுநாளும் தானாக வந்து மாட்டும். இன்னொன்று ஒருமுறை பட்டதோடு அந்தப் பக்கமே தலைவைக்காது. அதே 100, அதே 80. குறியுள்ளவை 40 என்றால் விடை 200, பத்தே என்றால் 800! அதனால் மொத்த எண்ணிக்கையைவிட, மறுமுறை சிக்கியவை எத்தனை என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அது மூன்றோ நாலோ என்றால் அந்த ஆய்வை நம்பி எதையும் முடிவு செய்யமாட்டேன்.

புலியைப் பிடிக்கவே வேண்டாம், அதன் வரிதான் குறி. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்குக்கூட இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. அதனால்தான் பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கேமரா கட்டுகிறார்கள். ஒன்றுதான் இருந்தால் ஒரு புலி இரண்டாகிவிடும். காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் இதைச் செய்து காட்டினார். ஆனாலும் காலடித் தடத்தை வைத்து எண்ணும் பழைய முறையை நாடு கைவிட, ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே இல்லை என்று 2005-இல் தெரியவர வேண்டியிருந்தது.

என் ஆதங்கம் செய்திகள்மேல். இந்தியாவின் புலி மதிப்பீடு 2018-இல் 2,967, 2022-இல் 3,682. உடனே "715 புலிகள் கூடின" என்று தலைப்பு. ஆனால் முதல் மதிப்பீடு 2,603 முதல் 3,346 வரை. அடுத்தது 3,167 முதல் 3,925 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. புலி கூடவில்லை என்று நான் சொல்லவரவில்லை, கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஆய்வாளர்கள் மெனக்கெட்டுச் சொன்ன அந்த எல்லைகளை வெட்டிவிட்டு, 715 என்று கடைசி இலக்கம்வரை அடித்துச் சொல்ல நிருபருக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?