டன்னிங்-க்ரூகர் ஆய்வை வசவுச் சொல்லாக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். ஓர் அக்கா பேசி முடிப்பதற்குள் ஒருவர் "டன்னிங்-க்ரூகர்" என்றார், அரங்கமே சிரித்தது. திறமை குறைந்தவர்கள் தங்களை அதிகமாக மதிப்பிடுவார்கள் என்று சொல்லும் உளவியல் ஆய்வின் பெயர் அது; 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லத்தான் அதை இழுத்தார். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வு அது. அதில் கலந்துகொண்டவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள். படிக்காதவர்கள் இல்லை. தர்க்கம், ஆங்கில இலக்கணம், நகைச்சுவை உணர்வு ஆகியவற்றில் சோதித்துவிட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியினர் நூற்றுக்குச் சராசரியாக 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். 62 பேரை முந்தியிருப்போம் என்று நினைத்தார்கள். முதல் கால்பகுதியினரோ தங்களைக் குறைத்து எடைபோட்டார்கள். இரண்டு பக்கமும் கணிப்பு பிசகியது. இதில் முட்டாள் என்ற பட்டம் எங்கே இருக்கிறது? ஒரு குறிப்பிட்ட வேலையில் ஒருவர் தன்னை எப்படிக் கணிக்கிறார் என்பதைத்தான் அளந்தார்கள், ஆளை அல்ல. கொஞ்சம் தெரிந்ததுமே தன்னம்பிக்கை மலையுச்சிபோல ஏறுவதாகக் காட்டி இணையத்தில் சுற்றும் வரைபடம்கூட அந்தக் கட்டுரையில் கிடையாது.

முன்பு ஒரு அலுவலகப் பயிற்சியில் நான் கேள்வி கேட்டபோது, "தெரியாதவர்களுக்குத் தங்களுக்குத் தெரியாது என்பதே தெரியாது" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அந்தக் குழுவில் நான் கேள்வி கேட்டதே இல்லை. என் சந்தேகம் அப்படியே கிடந்தது.

"அப்படியானால் தெரியாமல் பேசுகிறவர்களை யாரும் திருத்தக்கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகத் திருத்துங்கள். எந்த வாக்கியம் தவறு, ஏன் தவறு என்று சொல்லுங்கள். அதே ஆய்வில் தர்க்கத்தில் சிறிது பயிற்சி கொடுத்ததும், பின்தங்கியவர்கள் தங்களை இன்னும் சரியாகக் கணித்தார்கள். சொல்லிக்கொடுத்தால் ஆளுக்குத் தன்னைப் பற்றித் தெளிவு வருகிறது என்பது அதே கட்டுரையில்தான் இருக்கிறது. பெயரை உச்சரிப்பவர்கள் ஏன் அந்தப் பகுதியைச் சொல்வதில்லை?

அந்த டன்னிங்-க்ரூகர் விளைவே பாதி புள்ளியியல் தோற்றம்தான், அதாவது கணக்கிடும் முறையால் அப்படித் தெரிவதுதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும். அப்படியானால் அதை வைத்து ஒருவரை வாயடைப்பது இன்னும் மோசம்.

அப்புறம் ஒன்று. மைக் பிடித்து எல்லாத் துறையையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் பெரியவர்களைப் பார்த்து எவரும் இந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள், முதல்முறை எழுந்து நிற்கும் பெண்கள், கல்லூரிக்குப் போகாதவர்கள், இவர்கள்மேல்தான் அது விழுகிறது. இதை அறிவியல் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.