துகேலா ஓடையைப் பெற்றது பனி அல்ல, சதுப்பு
உயர்ந்த மலையில் பிறக்கும் ஓடை எதுவானாலும் பனி உருகித்தான் ஓடுகிறது என்று மலை ஓடைகளைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது ஆல்ப்ஸுக்குச் சரி, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குப் பொருந்தாது. இங்கேயும் பனி விழும், ஆனால் பெரும்பாலும் சில நாளில் போய்விடும். ஓடையை நிரப்புவது நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிற இடிமழை. ஒரு ஜூலை மாதம் (இங்கே அது மழையில்லாத குளிர்காலம்) தம்பி மகனோடு பாறையில் தொங்கும் சங்கிலி ஏணி ஏறி, துகேலா ஆறு சிறு ஓடையாகப் பிறக்கும் மேட்டுக்குப் போனேன். 3,000 மீட்டர் உயரம். ஓரிடத்தில் ஓடையை ஒரே எட்டில் தாண்டிவிட்டான் பையன். கரையோரம் கண்ணாடிச் சில்லு மாதிரி பனிக்கட்டி, நடுவில் கறுத்த எரிமலைப் பாறைமேல் சத்தமில்லாமல் நழுவும் தண்ணீர். மழை நின்று மாதக்கணக்கானால் நீர் எங்கிருந்து வரும் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்துப் புல்மெத்தையில் கால் வைத்தேன், பூட்ஸைச் சுற்றி நீர் கசிந்து எழும்பியது. அந்தச் சதுப்புதான் பதில். மழைநீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிறது. மேய்ச்சல் மிஞ்சி அந்த மண் அரித்துப்போனால் ஓடைக்கு உயிர் ஏது? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அப்புறம் இன்னொன்று: அந்தச் சிறு நீர்தான் மேட்டின் விளிம்பிலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஐந்து தாவலாக விழுந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது, அதே மேட்டின் மறுபக்கத்து ஓடைகள் ஆரஞ்சு ஆற்றோடு சேர்ந்து அட்லாண்டிக்குக்குப் போகின்றன.