ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்

1950, 60களின் விளம்பரங்களைப் பகிரும் இணையப் பக்கங்கள் இப்போது ஏராளம். வால் சிறகு வைத்த கார், புது ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டிச் சிரிக்கும் பெண், வெயிலில் மின்னும் விமானம். எனக்கு இவையெல்லாம் ரொம்பப் பிடிக்கும், மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு விஷயம் நீண்ட நாளாக உறுத்துகிறது. படத்தை மட்டும் அழகாக வெட்டி எடுத்துக்கொண்டு, அடியில் இருந்த பொடி எழுத்து, முகவரி, கூப்பன், அச்சகத்தின் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தின் உயிர் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். ஆண்டு குறிப்பிடாத அமெரிக்க விளம்பரம் ஒன்று கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். கீழே முகவரியைப் பாருங்கள். 'நியூயார்க் 17' என்பதுபோல ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஓரிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. பெரிய நகரங்களை அஞ்சல் மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்தது 1943இல். ஐந்து இலக்க ஜிப் குறியீடு வந்தது 1963இல். அதேபோல, ஓட்டல்களும் மதுக்கூடங்களும் தங்கள் பெயரை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்த மேட்ச்புக்குகள், அதாவது தீக்குச்சிகளை உள்ளே வைத்து மடித்த அட்டைகள். குச்சியை உரசும் பட்டை முன்பக்கம் இருந்தால் பழசு. மூடாமலே உரசி மொத்தக் குச்சியும் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருந்ததால், அமெரிக்காவில் 1970களில் அந்தப் பட்டையைப் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். 'அழகான டிசைன்' என்று முன்பக்கப் படத்தை மட்டும் வெட்டிப் போட்டால் இந்தத் தடயம் போய்விடுகிறது.

நிஜ அச்சா, பின்னால் எடுத்த நகலா என்பதைக்கூட எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். அசலில் வண்ணப்படம் புள்ளி புள்ளியாகப் பிரியும்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஆனால் எழுத்து திடமாக, ஒரே மையில் நிற்கும். பக்கத்தையே படமெடுத்து மறுபடி அச்சடித்த நகலில் எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாக உடைந்திருக்கும். இதை முதன்முதலாகப் பார்ப்பவர் முகத்தில் வரும் ஆச்சரியம் எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும்.

சரி, இதெல்லாம் சேகரிப்பவர்களின் கவலை என்று தோன்றலாம். அப்படியில்லை. ஓரத்தை வெட்டினால் விளம்பரத்தின் அறிவே போய்விடுகிறது. டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் 1959 முதல் ஃபோக்ஸ்வாகனுக்குச் செய்த விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் ஹெல்முட் க்ரோன், எழுதியவர் ஜூலியன் கோனிக். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில் எந்தக் குறையும் தெரியாத ஒரு கார் நிற்கிறது. அடியில் 'இது ஓட்டை வண்டி' என்ற பொருளில் ஒரே சொல். அதற்கும் கீழே, சிறிய பத்திகளில்தான் விஷயம் இருக்கிறது. முன்பக்கச் சிறு பெட்டியின் குரோம் பட்டையில் லேசான கறை, அதற்காகவே இந்த வண்டியை ஒதுக்கிவிட்டோம் என்கிறார்கள். வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் சோதிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டவர்கள் 3,389 பேர் என்று கணக்கும் சொல்கிறார்கள். தன் பொருளைத் தானே குறை சொல்லி நம்பிக்கை சம்பாதிக்கிற அந்த நெஞ்சுறுதி முழுக்கப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. எழுத்தை நீக்கினால் மிச்சம் ஒரு கறுப்பு வெள்ளைக் கார் படம். அது யாரிடமும் இருக்கும்.

பர்மா ஷேவ் விளம்பரப் பலகைகளுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1925 முதல் 1963 வரை அமெரிக்கச் சாலையோரங்களில் நின்ற சின்னச் சின்னப் பலகைகள் அவை, பெரும்பாலும் சிவப்பில் வெள்ளை எழுத்து. வரிசையாக ஆறு பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு. கார் நகர நகரப் பயணிகள் படித்துக்கொண்டே வந்தால் ஒரு குறும்புப் பாட்டு முடியும், கடைசிப் பலகையில் சவரக் கிரீமின் பெயர் வரும். நிதானமான வேகத்துக்குத் தாளம் கணக்கிட்ட விளம்பரம் அது. கார்களின் வேகம் கூடிப் பெருஞ்சாலைகள் அகலமான காலத்தில் அந்தத் தாளம் உடைந்தது. இன்று ஒற்றைப் பலகையை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். அதில் பாட்டின் ஒரு துணுக்குதான் இருக்கும். ஆறையும் ஒருசேரப் பார்த்தால் மட்டுமே அதை எழுதியவர் உங்களைச் சிரிக்கவைக்க முடியும்.

அப்புறம் பொய்கள். இதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். 1946இல் கேமல் சிகரெட்டுக்கு 'மற்ற எந்த சிகரெட்டையும்விட அதிக டாக்டர்கள் புகைப்பது கேமல்' என்று விளம்பரம் செய்தார்கள். வெள்ளைக் கோட்டு, கனிவான முகம், கைதேர்ந்த ஓவியம். சிகரெட் கேடு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வந்தது 1964இல், சிகரெட் விளம்பரம் அங்கே தொலைக்காட்சியைவிட்டுப் போனது 1971 ஜனவரியில். அந்த டாக்டர் முகத்தை மட்டும் வெட்டி 'அந்தக் காலமே தனி' என்று போடுகிறவர்கள், அந்தக் காலத்தை எனக்குக் காட்டவில்லை, மறைக்கிறார்கள். ஓவியம் அழகு என்பதும் உண்மை, வாசகம் கேடு என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கும்போதுதான் அழகு எதற்கெல்லாம் வேலை செய்தது என்று புரிகிறது. அன்றைய பெரிய இதழ்களின் விளம்பரங்களில் கறுப்பின மக்கள் அரிதாகவே வருவார்கள், வந்தாலும் பெரும்பாலும் பணியாளாக. கறுப்பின வாசகர்களுக்காக 1945இல் தொடங்கிய எபனி இதழில் அவர்கள் குடும்பமாக, வாங்குபவர்களாக வருகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அந்தக் காலத்தைக் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

லைஃப் என்ற அமெரிக்க வார இதழின் பழைய பிரதிகளைப் பிரித்து, விளம்பரப் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக விற்கும் வியாபாரமும் நடக்கிறது. கொரியப் போர்க் காலத்து இதழ்களில் போர்முனைப் படங்களும் சமையலறை விளம்பரங்களும் ஒரே தைப்புக்குள் இருந்தவை. பிரித்துவிட்டால் சமையலறை மட்டும் படச் சட்டத்துக்குள் போகிறது, போர் குப்பைக்குப் போகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட மனிதர் ஜான் ஜான்சன், ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பயன்படுத்திய பின் குப்பைக்கூடைக்குப் போகும் அச்சுக் காகிதம் எல்லாவற்றையும் அவர் சேர்த்தார்: டிக்கெட், லேபிள், விலைப்பட்டியல், நோட்டீஸ். நல்லது கெட்டது என்று பொறுக்கவில்லை. 1968 முதல் அந்தச் சேகரம் அதே பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஏர் இந்தியாவின் சின்னமான மகாராஜாவும் இப்படிப்பட்ட துண்டுக் காகிதத்தில் பிறந்தவர்தான். 1946இல் அந்நிறுவனத்தின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் அவரை உருவாக்கியது விமானப் பயணிகளுக்கான குறிப்பேட்டுத் தாளுக்காக. அந்தத் தாளை அப்போது எத்தனை பேர் பத்திரப்படுத்தியிருப்பார்கள்?

இப்போது கணினி நொடியில் செய்துதரும் 'ரெட்ரோ' படங்கள் வேறு குவிகின்றன. நிறமும் மங்கலும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் காரை யாரும் விற்கவில்லை, அந்தக் கூப்பனை யாரும் கத்தரித்து அனுப்பவில்லை. அசல் காகிதமோ மரக்கூழில் செய்தது, அதிலுள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கிப் பொடியாக்குகிறது. நாம் எடுக்கும் படம்தான் சில பக்கங்களுக்குக் கடைசிச் சாட்சியாக இருக்கப்போகிறது.

அதனால் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் யாரிடமாவது பழைய இதழோ லேபிளோ இருந்தால், தயவுசெய்து நான்கு மூலையும் தெரியப் படமெடுங்கள். கறையை அழிக்க வேண்டாம், நிறத்தைத் தூக்க வேண்டாம். எந்த இதழ், எந்தத் தேதி என்று தெரிந்தால் கூடவே எழுதுங்கள். பக்கத்தைத் திருப்பி மறுபக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.