கயிறும் வாய்மூடியும் கெடுபிடி இல்லை

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம், கயிறு, வாய்மூடி எல்லாம் கட்டாயம் என்பது அதிகக் கெடுபிடி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், என்னால் ஏற்க முடியவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவிலேயே 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் இன நாய்கள் கடித்துக் குதறினவே, அதற்குள் மறந்துவிட்டதா? "எங்க நாய் யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே கயிறில்லாமல் தெருவில் விடுகிறார்கள். உங்களிடம் குழைகிறது, சரி, ஆனால் சைக்கிளில் வேகமாக வரும் பையனைப் பார்த்தால் என்ன செய்யும் என்று வளர்க்கிற உங்களுக்கே தெரியாது.

கடித்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. அலட்சியமாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு குழந்தையைக் கடித்துக் குதறிய வழக்குக்கு இது மிகக் குறைவு என்பேன்.

அப்புறம், கடிபட்டவர்கள் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். வீட்டு நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று தள்ளிப்போடாதீர்கள், ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.