ஆட்குறைப்பு நேரத்தில் எந்த ஃப்ளீட்டுக்கு பிட் போடுவது?

ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட ஆரம்பித்ததுமே விமானிகள் நடுவே முதலில் கிளம்பும் கேள்வி, "எந்த விமானத்துக்குப் போனால் வேலை தப்பும்?" என்பதுதான். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை நேரான பதில்: எதுவும் தப்பவைக்காது. அங்கே ஃபர்லோ (பிறகு திரும்ப அழைக்கும் உரிமையோடு வேலையிலிருந்து அனுப்புவது) என்பது சீனியாரிட்டி பட்டியலின், அதாவது யார் முதலில் சேர்ந்தார் என்ற வரிசையின், அடியிலிருந்து மேலே ஏறும். கடைசி 500 பேரை அனுப்புகிறார்கள் என்றால், உங்கள் எண் அந்த 500க்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. 787 ஓட்டுகிறீர்களா, 737 ஓட்டுகிறீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. சீனியாரிட்டி இல்லாத நிறுவனங்களில் கதை வேறு. அங்கே ஒரு ஃப்ளீட்டை (ஒரே வகை விமானங்களின் தொகுதியை) மூடினால் அதை ஓட்டுபவர்களையே தனிக் குழுவாக வைத்து மதிப்பெண் போட்டு ஆளை நீக்குவார்கள். அந்த இடத்தில் தப்பான ஃப்ளீட் நிஜமாகவே வேலையைத் தின்னும். இந்தப் பதிவு சீனியாரிட்டி உள்ள இடங்களைப் பற்றியது.

அப்படியானால் ஃப்ளீட் தேர்வு எதற்கு? மிஞ்சியவர்களின் அடுத்த இரண்டு மூன்று வருட வாழ்க்கையை அதுதான் முடிவு செய்கிறது. சம்பளம், பேஸ் (எந்த ஊரிலிருந்து பறப்பது), ரிசர்வா (அழைப்புக்காகக் காத்திருப்பது) லைனா (முன்பே முடிவான மாத அட்டவணை), வானத்தில் இருப்பீர்களா சிமுலேட்டர் தேதிக்காகக் காத்திருப்பீர்களா, எல்லாம் அதில் இருக்கிறது.

பலர் மணிநேர சம்பள அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பெரிய விமானமாகப் பார்த்து பிட் போடுகிறார்கள், அதாவது விருப்ப வரிசை எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, ஆட்குறைப்பு முடிந்த பிறகு அந்த இருக்கையில் (எந்த பேஸ், எந்த விமானம், கேப்டனா ஃபர்ஸ்ட் ஆபீசரா என்ற இடத்தில்) உங்கள் சதவீதம் என்ன என்பது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பேஸில் 737 ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் (துணை விமானிகள்) 300 பேர். நீங்கள் 180வது ஆள், அதாவது மேலிருந்து 60 சதவீதம். அடியில் இருக்கும் 20 சதவீதம் பேர்தான் ரிசர்வ் என்றால் உங்களுக்கு லைன் கிடைக்கும். மாதம் பிறக்கும் முன்பே எந்தத் தேதி எங்கே இருப்பீர்கள் என்று தெரியும். இப்போது நிறுவனம் ஒரு வைட்பாடி (இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்) ஃப்ளீட்டை மூடுகிறது. உங்களைவிட சீனியரான 60 பேர் உங்கள் இருக்கைக்கு இறங்குகிறார்கள். அடியிலிருந்து 80 பேர் ஃபர்லோவில் போகிறார்கள். மொத்தம் 280, நீங்கள் 240வது ஆள். 86 சதவீதம். சீனியாரிட்டி எண்ணும் மாறவில்லை, விமானமும் மாறவில்லை, ஆனால் நீங்கள் இப்போது ரிசர்வ். போன் அடித்தால் சில மணி நேரத்தில் சீருடையோடு கேட்டில் நிற்க வேண்டும். வீடு வேறு ஊரில் என்றால் பேஸில் ஒரு கட்டிலுக்காவது வாடகை கட்டியாக வேண்டும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு இருக்கைக்கும் நீங்களே போடலாம். சீனியாரிட்டி பட்டியல், ஒவ்வொரு பேஸிலும் யார் எந்த இருக்கை என்ற பட்டியல், பிறந்த தேதி, இந்த மூன்றும் போதும். 65 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் அடுத்த இரண்டு ஆண்டில் மேலிருந்து யார் யார் போவார்கள் என்பது தேதியோடு தெரியும். வைட்பாடி கேப்டன் இருக்கையில்தான் 62, 63 வயதுக்காரர்கள் அதிகம். நிறுவனம் முன்கூட்டிய ஓய்வுத் திட்டம் அறிவித்தால் முதலில் காலியாவதும் அதுதான். 2020இல் டெல்டா ஏர்லைன்ஸில் ஏறக்குறைய 1,800 விமானிகள் அப்படிப் போனார்கள். பட்டியலின் உச்சியில் அத்தனை பேர் கழன்றால் அடியில் இருப்பவரின் தலைவிதியே மாறும். அந்தத் திட்டத்தின் கடைசித் தேதி முடியும்வரை எந்தக் கணக்கையும் இறுதி என்று நம்ப வேண்டாம்.

அடுத்தது, எந்த ஃப்ளீட் சாகும் என்று எப்படிக் கணிப்பது? "பழைய விமானம் போகும், புதிய விமானம் நிற்கும்" என்பது பாதி உண்மை. 2020இல் டெல்டா தன் 777 விமானங்கள் எல்லாவற்றையும் ஓய்வுக்கு அனுப்பியது. மொத்தம் 18தான். கேபினைப் புதுப்பித்த சூடு ஆறும் முன்பே அனுப்பினார்கள். அதனால் புது இருக்கை, புது திரை போட்டிருக்கிறார்கள் என்பதை உயிர் உத்தரவாதமாக எடுக்காதீர்கள். அதே வேலையை A350 குறைந்த எரிபொருளில் செய்தது, 18 விமானத்துக்காகத் தனி உதிரி பாகம், தனி சிமுலேட்டர், தனிப் பயிற்றுநர் என்று வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757, 767, A330, E190 நான்கையும் ஒரேயடியாக மூடியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 31 ஜம்போக்களை (747) அனுப்பியது. எண்ணிக்கை குறைவு, நான்கு இன்ஜின், அதே வேலையைச் செய்ய வீட்டிலேயே இன்னொரு விமானம் இருப்பது, பெரிய பராமரிப்புச் சோதனை நெருங்குவது, குத்தகை முடிவது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் நான் அந்த ஃப்ளீட்டைச் சந்தேகப் பட்டியலில் வைப்பேன். முதலீட்டாளர்களுக்கான ஆண்டறிக்கையில் எத்தனை விமானம் சொந்தம், எத்தனை குத்தகை, சராசரி வயது என்ன, எத்தனை ஆர்டர் என்று அட்டவணையே இருக்கும். நிர்வாகம் விமானிகளுக்கு அனுப்பும் ஊக்கக் கடிதத்தைவிட அது நம்பகமானது.

இதைவிட முக்கியமானது, ஆட்குறைப்பு எதனால் வருகிறது என்பது. 2020இல் எல்லைகள் மூடின, நீண்டதூர விமானச் சேவை படுத்தது, உள்நாட்டு நேரோபாடிகள் (ஒற்றை நடைபாதை விமானங்கள்) முதலில் மீண்டன. அந்த அனுபவத்தை வைத்தே இன்றும் பலர் "நேரோபாடிதான் பத்திரம்" என்கிறார்கள். 2008ஐ மறந்துவிடுகிறார்கள். கச்சா எண்ணெய் பீப்பாய் 140 டாலரைத் தாண்டிய அந்த ஆண்டில் யுனைடெட் ஏர்லைன்ஸ் மூட முடிவெடுத்தது தன் 94 பழைய 737களை, அதாவது முழு 737 ஃப்ளீட்டையும். எண்ணெய் விலை அதிகம் குடிப்பவரை வெட்டும், தொற்றுநோய் கடல் தாண்டுபவரை வெட்டும், போட்டி நிறுவனம் உள்ளே வந்தால் அது நுழைந்த தடத்தை வெட்டும். போன நெருக்கடியின் பலியாளை வைத்து இந்த நெருக்கடிக்கு பிட் போடக்கூடாது.

இன்ஜின் ஒரு தனி ஆபத்து. 2021 பிப்ரவரியில் டென்வர் அருகே ஒரு 777இன் இன்ஜின் வெடித்துச் சிதறிய பிறகு, அதே பிராட் அண்ட் விட்னி இன்ஜின் பொருத்திய யுனைடெட்டின் 52 விமானங்கள் ஒரு வருடத்துக்கு மேல் தரையில் நின்றன. 737 மேக்ஸ் 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது அதன் விமானிகளைக் காப்பாற்றியது அதே டைப் ரேட்டிங்கில் (ஒரு வகை விமானத்தை ஓட்டும் தகுதியில்) இருந்த பழைய 737. ஒரே வகை இன்ஜின், ஒரே வகை மாடல் மட்டும் கொண்ட ஃப்ளீட்டுக்கு அந்த மாற்று வழி கிடையாது.

இனி பயிற்சி. உண்மையில் ஆளை அலைக்கழிப்பது இதுதான். ஒரு 777 கேப்டன் கீழே இறங்கினால் ஒரு 737 கேப்டனைத் தள்ளுவார். அவர் ஃபர்ஸ்ட் ஆபீசர் இருக்கைக்கு வந்து இன்னொருவரைத் தள்ளுவார். அவர் வேறு பேஸில், வேறு விமானத்தில் போய் விழுவார். ஒரு இருக்கை குறைய மூன்று நான்கு பேருக்குப் பயிற்சி. ஒரு சிமுலேட்டர் இரவு பகலாக ஓடினாலும் நாளைக்கு நான்கு மணி நேர அமர்வு ஐந்துதான் தேறும். முழு டைப் ரேட்டிங்குக்கு வகுப்பறை, சிமுலேட்டர், பிறகு பயிற்சி கேப்டனோடு வழக்கமான விமானச் சேவையில் பறத்தல் என்று ஒன்றரை இரண்டு மாதம் போய்விடும். வரிசையில் காத்திருப்பது தனி. நிர்வாகம் ஆயிரக்கணக்கில் ஃபர்லோ நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் கடைசி நேரத்தில் மணிநேரக் குறைப்புக்குச் சம்மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடியில் இருக்கும் ஜூனியரை அனுப்பினால் மிச்சமாவது மிகக் குறைந்த சம்பளம். அதனால் கிளம்பும் பயிற்சிச் செலவு அதைவிடப் பெரியது. யுனைடெட்டில் 2020 செப்டம்பரில் சுமார் 2,850 விமானிகளின் ஃபர்லோ கடைசி நேர ஒப்பந்தத்தில்தான் நின்றது.

புது விமானத்துக்கு மாறுபவர் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி பயிற்சித் தேர்வு முடிந்த 120 நாளுக்குள் வழக்கமான விமானச் சேவையில் 100 மணி நேரம் பறந்து கைப்பழக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். ஆட்குறைப்பு நேரத்தில் விமானமே பறக்காவிட்டால் 100 மணி எங்கிருந்து வரும்? நாள் தாண்டினால் கூடுதல் பயிற்சி, மறுபடி சிமுலேட்டர். புது கேப்டனுக்கு அந்த விமானத்தில் 100 மணி முடியும்வரை தரையிறங்கும் வானிலை வரம்பும் உயர்த்தப்பட்டிருக்கும். 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்ற விதியும் வைட்பாடியில்தான் அதிகம் கடிக்கும். நான்கு பேர் ஏறும் நீண்ட பயணத்தில் ஒருமுறை போய்வந்தாலே இரண்டு லேண்டிங்தான், அதையும் பங்கு போட வேண்டும். ரிசர்வில் இருக்கும் வைட்பாடி ஃபர்ஸ்ட் ஆபீசர் லேண்டிங்குக்காகவே சிமுலேட்டருக்குப் போவது வாடிக்கை.

ஆகவே என் கருத்து இது: இப்போது ஓட்டும் விமானம் உயிரோடு இருக்கும் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அதிலேயே இருப்பது நல்லது. பேஸ் மாறலாம், இருக்கைகூட மாறலாம், டைப் மாறுவதுதான் கடைசி. கேப்டனாக இருந்து அதே விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆவது வலிக்கும். சம்பளம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகும். ஆனாலும் சில வாரத்தில் பறக்க ஆரம்பித்துவிடலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, பலர் யோசிக்காதது. சாகப்போகும் ஃப்ளீட்டில் இருப்பது சில சமயம் லாபம். நீங்களாக விருப்பப்பட்டு மாறினால் அது சாதாரண இடமாற்றம். நிறுவனம் உங்களைத் தள்ளினால் அது டிஸ்ப்ளேஸ்மென்ட். பல ஒப்பந்தங்களில் தள்ளப்பட்டவருக்கு வீடு மாற்றும் செலவு, குறிப்பிட்ட காலத்துக்குப் பழைய சம்பளம், இருக்கைப் பூட்டிலிருந்து (குறிப்பிட்ட காலம் வேறு இருக்கைக்கு மாற முடியாத கட்டுப்பாட்டிலிருந்து) விலக்கு என்று சலுகைகள் உண்டு. பதறிப்போய் முன்கூட்டியே தப்பியவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. போதாக்குறைக்குப் புது விமானத்தில் இரண்டு ஆண்டுப் பூட்டும் விழலாம். தள்ளப்பட்டவர் தன்னைவிட ஜூனியர் எவரையும் தள்ளலாமா, அல்லது அந்த இருக்கையின் கடைசி ஆளை மட்டும்தானா என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பிட் போடும் முன் அந்த அத்தியாயத்தை வரி விடாமல் படியுங்கள்.

பிட் போடும்போது நடக்கும் பெரிய தவறு, பிடித்த நான்கு இருக்கையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது. நான்கும் கிடைக்காவிட்டால் மிச்சம் எது இருக்கிறதோ அதில் கணினி போட்டுவிடும். உங்கள் எண்ணுக்கு எட்டும் எல்லா இருக்கையையும் எழுத வேண்டும், பிடிக்காததையும், பிடிக்காத வரிசையிலேயே. சில நிறுவனங்களில் "இந்த சதவீதத்துக்குள் வந்தால் மட்டும்" என்று நிபந்தனை போட வசதி உண்டு. மேலே போட்ட 86 சதவீதக் கணக்கு அங்கேதான் கைகொடுக்கும்.

ஃபர்லோ நிச்சயம் என்று தெரிந்த எண்ணில் இருப்பவருக்கு அறிவுரையே வேறு. அவர் பார்க்க வேண்டியது வெளிச் சந்தை. A320, 737 இரண்டும் பத்தாயிரத்துக்கும் மேல் தயாரானவை. வேலை கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது அந்த டைப்பில் அண்மையில் பறந்த மணிநேரம். 156 மட்டுமே தயாரான 717இல் ஆயிரம் மணி நேரம் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கத் தேடினாலும் இரண்டு கதவுதான் தட்ட முடியும்.

வெளியே போகும்முன் லாக்புக்கைச் சரிபார்த்து, கடைசி சிமுலேட்டர் சோதனை, டைப் ரேட்டிங், லேண்டிங் பதிவு எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கணினிக் கணக்கு வேலை போன அன்றே பூட்டப்படலாம். மருத்துவச் சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள். முகவரி மாறினால் எழுத்தில் தெரிவியுங்கள். திரும்ப அழைக்கும் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும், பதில் சொல்ல இத்தனை நாள் என்று கெடுவும் இருக்கும். அதைத் தவறவிட்டால் அந்த சீனியாரிட்டி எண்ணே போய்விடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2020 அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பிய சுமார் 1,600 விமானிகளை, அரசின் சம்பள உதவி நீட்டிக்கப்பட்டதும் டிசம்பரிலேயே திரும்ப அழைக்க ஆரம்பித்தது.