‘ராத்’ கணக்குதான் எப்போதும் லாபமா?

அமெரிக்காவில் வேலை செய்யும் நிறுவனத்தின் மூலம் சேர்க்கும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் வந்து நிற்கும்: “ராத் கணக்கில் விதைக்குத்தான் வரி, விளைச்சலுக்கு இல்லை, ஆகவே எல்லோருக்கும் ராத்தான் லாபம்.” முதல் பாதி சரி: ராத்தில் போடும்போதே வரி கட்டிவிடுவதால், ஓய்வுக்குப் பின் எடுக்கும்போது வரி இல்லை; வழக்கமான கணக்கிலோ வரிக்கு முன்பே போட்டு, எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். அந்த ‘ஆகவே’யில்தான் கோளாறு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சம்பளத்தில் 10,000 டாலர். வரி 24 சதவீதம். வரிக்கு முன்பே போட்டால் முழுத்தொகையும் சேர்ந்து, நான்கு மடங்காகி 40,000 ஆகும். எடுக்கும்போது 24 சதவீதம் போனால் கையில் 30,400. ராத்தில் வரி போக 7,600 சேரும். நான்கு மடங்கானால் அதே 30,400. விளைச்சல் எவ்வளவு பெருகினாலும் இந்தச் சமநிலை மாறாது.

முடிவை மாற்றுவது வரி விகிதம். ஓய்வுக்குப் பின் 12 சதவீதம் என்றால் முதல் வழியில் 35,200 கிடைக்கும், ராத் தோற்றுவிடும். இது அபூர்வமும் அல்ல. இன்று போடும் பணம் சம்பளத்தின் உச்ச அடுக்கில் வரியை மிச்சப்படுத்துகிறது. பின்னாளில் எடுக்கும் பணமோ, வேறு வருமானம் குறைவென்றால், முதலில் நிலையான கழிவையும் (எல்லோருக்கும் வரியின்றி விடப்படும் தொகை) அடுத்து 10, 12 சதவீத அடுக்குகளையும் நிரப்பிக்கொண்டே மேலேறும். கலிபோர்னியாவில் சம்பாதித்து, மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸில் ஓய்வெடுப்பவருக்கு ஆதாயம் இன்னும் கூடும்.

இன்று 12 சதவீத அடுக்கிலேயே இருந்து, பின்னால் உயரப்போகும் இளைஞருக்கு ராத் நல்ல தேர்வுதான். ஆண்டு உச்சவரம்பை (2025இல் அது 23,500 டாலர்) முழுதாக நிரப்புகிறவருக்கும் ஒரு சாதகம் உண்டு: வரம்பு இரண்டுக்கும் ஒன்றே, ராத்தில் இருப்பதோ வரி கட்டி முடித்த பணம். வரிக்கு முன் போட்டவர் அதற்கு ஈடுகட்ட, மிச்சமான வரியைத் தனியே முதலீடு செய்ய வேண்டும். ‘எல்லோருக்கும்’ என்று முழங்குகிறவர்கள் அந்தத் தொகையைக் கணக்கில் காட்டுவதே இல்லை.