காசு கொடுத்தவனுக்குக் கறுப்புத் திரை

சத்தம் வருகிறது, படம் வரவில்லை. நேற்று இரவு முழுக்க இதே கூத்துதான். அம்மா கேட்டாரே என்று பணம் கட்டி வாடகைக்கு எடுத்த படம். சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது என்பதால், மடிக்கணினியை அவர் அறையில் இருக்கும் பழைய பெரிய திரையில் இணைத்தேன். கன்னங்கரேலென்று இருட்டு.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். இருட்டு. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், திரையின் பின்னால் படிந்திருந்த தூசியை ஊதிவிட்டு மறுபடியும் செருகினேன். இருட்டு. கணினியை அணைத்துப் போட்டேன். புகைப்படங்கள் தெரிகின்றன, செய்தித்தாள் தெரிகிறது, மவுஸின் அம்பு அந்த இருட்டின் மேலேயே ஊர்ந்து போகிறது. படம் மட்டும் தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மூலையில் ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது: இந்தத் திரை எச்.டி.சி.பி. வசதி கொண்டதல்ல.

எச்.டி.சி.பி. என்பது, படத்தை நகலெடுத்துத் திருடாமல் தடுக்க சிப் நிறுவனமான இன்டெல் உருவாக்கிய பூட்டு. கணினி திரையிடம் சாவி கேட்கும். சரியான பதில் வராவிட்டால் படத்தைத் தர மறுக்கும். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதே மைக்ரோசாஃப்ட் இந்தக் காவலை இயங்குதளத்துக்குள் கட்டி வைத்துவிட்டது. நான் விலை கொடுத்து வாங்கி, நான் மின்கட்டணம் கட்டுகிற இயந்திரம், என் வீட்டுக்குள்ளேயே என்னைச் சந்தேகப்படுகிறது. என்ன நியாயம் இது?

இந்தப் பூட்டால் திருட்டாவது நின்றதா? இதன் மூலச்சாவி 2010 செப்டம்பரிலேயே இணையத்தில் வெளியாகிவிட்டது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. திருட்டுப் பிரதி இதே திரையில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடும். பணம் கட்டியவன்தான் மேசைக்கு அடியில் தவழ வேண்டும்.

படத்தை மிகத் துல்லியமாகத் தரும் 4கே புளூ-ரே வட்டு வாங்கியவர்கள் நிலைமை இன்னும் கொடுமை. கணினியில் அதை முறைப்படி பார்க்க, இன்டெல் சிப்பில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம் என்றார்கள். மக்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். 11ஆம் தலைமுறை கோர் சிப்பிலிருந்து இன்டெல் அந்த வசதியையே எடுத்துவிட்டது. பழைய கணினியில் ஓடிய வட்டு, அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கிய புதிய கணினியில் ஓடாது. வாங்கியவனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தப் போனேன்.

“அணைக்காதேப்பா, ஓடட்டும். அந்தக் காலத்தில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்போமே, அதேபோல இருக்கிறது” என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. கேபிளைக் கீழே போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சப் படத்தைக் கேட்டேன்.